ராயப்பன்பட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால்

தேனி, கம்பம் பக்கம் பஸ்ஸில் சுற்றுகிறவர்களுக்காக இந்தப் பக்கத்தில் நேரமும் கட்டணமும் எழுதி வருகிறேன். வழக்கமாக அருவி, அணை என்றுதான் எழுதுவேன். இந்த முறை போனது வேலைக்காக. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையில் ஒரு பென்டிரைவோடு காமயகவுண்டன்பட்டிக்கும் ராயப்பன்பட்டிக்கும் போய்வந்தேன். வழி எல்லாருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அது இல்லாமல் இந்தப் பயணத்தின் நேரங்கள் புரியாது.

பத்தாவது முடித்ததிலிருந்து இரண்டு வருஷமாக அல்லிநகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்காரர் பாண்டி அண்ணன். முந்தின வாரம் போடியிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி வந்து சத்தம் போட்டார். ஜோர்டானில் இருக்கும் அவருடைய ஆளோடு வீடியோவில் பேச உட்கார்ந்தால், அந்த ஆள் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். கம்ப்யூட்டர் காட்டிய நேரத்துக்குத்தான் உட்கார்ந்தேன் என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

விஷயம் இதுதான். சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், குளிர்காலத்தில் பழையபடி பின்னால் வைப்பார்கள். எந்த நாட்டில் எப்போது என்ற பட்டியல் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறது. இந்த வருஷம் ஜோர்டானில், பின்னால் வைக்க வேண்டிய நாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, இனிமேல் வைக்கப்போவதில்லை, கோடை நேரமே நிரந்தரம் என்று அறிவித்துவிட்டார்கள். அப்டேட் போன கம்ப்யூட்டர்களுக்கு அது தெரிந்தது. அப்டேட் போகாத கம்ப்யூட்டர்கள் பழைய பட்டியலைப் பார்த்து, அந்த நாட்டு நேரத்தைத் தாமாகவே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டன.

எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு அப்டேட் போகாது. போகாமல் செய்தது நாங்கள்தான். இங்கே பெரும்பாலும் செல்போன் நெட்டைத்தான் கம்ப்யூட்டருக்கும் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதனால் கம்ப்யூட்டர் வாங்கும்போதே, "அப்டேட்ட அமத்தி விட்ரு ஆத்தா, நெட்டையெல்லாம் குடிச்சிருது" என்பார்கள். அமத்தி விடுவது என் வேலை. எத்தனை கம்ப்யூட்டருக்கு அப்படிச் செய்தேன் என்று எண்ணியதில்லை.

எங்களிடம் வாங்கியவர்களில் ஜோர்டானோடு தொடர்பு உள்ளவர்கள் யார் என்று பாண்டி அண்ணன் பில் புத்தகத்தைப் புரட்டினார். போடிக்காரரைத் தவிர இரண்டு பேர். காமயகவுண்டன்பட்டியில் தையல் பயிற்சி நடத்தும் முருகேஸ்வரி அக்கா. அவர்களிடம் படித்த ராயப்பன்பட்டி ஜெசிந்தா அக்கா. ஜோர்டானில் இருக்கும் துணி ஆலைகளுக்கு முருகேஸ்வரி அக்கா தையல்காரப் பெண்களை அனுப்பி வைப்பார்கள். வெளி வேலைக்கு எப்போதும் அண்ணன்தான் போவார், நான் உள்ளே உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றுவேன். அந்த ஞாயிறு அவருக்கு உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்து.

"ரெண்டே எடம்தான். ஜெசிந்தாவுக்கு அன்னைக்கு ரெண்டரைக்கு இன்டர்வியூவாம், கேமரா மைக்கு பாத்துத் தரச் சொன்னாக. ரெண்டு மணிக்குள்ள அங்கன போயிரு" என்றார். தனியாக நான் போன முதல் வெளி வேலை அது.

தேனி புதிய பேருந்து நிலையத்தில் காலை 9.35க்குக் கம்பம் பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். எனக்கு டிக்கெட் 31 ரூபாய் ஆனது. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகப் போகும். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். மழை பெய்து ஓய்ந்த நேரமாக இருந்தால் மலை முழுக்கத் தெரியும். சின்னமனூர் தாண்டியதும் வயலும் தென்னையும் வாழையும் மாறி மாறி வரும். கம்பத்தில் இறங்கும்போது மணி 10.50.

அங்கிருந்து காமயகவுண்டன்பட்டி ஆறு கிலோமீட்டர். 11.15க்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் கையைக் காட்டி ஏதோ சொன்னேன், கண்டக்டருக்குக் கேட்கவில்லை.

"எங்க எறங்கணும்?"

மறுபடியும் சொன்னேன்.

"வாயத் தொறந்து சொன்னாத்தானத்தா பஸ்ஸு அங்கன நிக்கும். இல்லைன்னா சுருளி அருவிக்குப் போயி குளிச்சிட்டுத்தான் வரணும்." பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை கேட்டுவிட்டது.

11.35க்குத் தையல் பயிற்சிக் கூடத்தில் இருந்தேன். ஞாயிறு என்பதால் மெஷின்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. முருகேஸ்வரி அக்கா மட்டும் ஒரு மூட்டை பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாண்டி வரலையா?"

"இல்லக்கா. நாந்தான்."

"நீயா. கடையில பாத்திருக்கேன். ஒங்க கடை ஃபேனு போடுற சத்தம்கூட நீ போட மாட்டியே."

பென்டிரைவில் கொண்டுபோன அப்டேட்டை ஏற்றினேன். பழைய கம்ப்யூட்டர், முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. பிறகு அணைத்துப் போட வேண்டும், அதற்குப் பத்து நிமிடம். திரை வந்ததும், சரியாகிவிட்டதா என்று பார்க்க அக்காவுடைய காலண்டரைத் திறந்தேன். ஏற்றுவதற்கு முன்னால் பார்த்தபோது அதில் 'ஜெசிந்தா இன்டர்வியூ 2.30' என்று இருந்தது. இப்போது 1.30 என்று இருந்தது.

"ஏ, என்னமோ மாத்திட்ட பாரு" என்றார்கள் அக்கா.

நான் மாற்றவில்லை. ஆலையிலிருந்து வந்த மெயிலைத் திறந்து காட்டச் சொன்னேன். அதில் அவர்கள் ஊர் நேரம் காலை 11 மணி என்று இருந்தது. நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி வித்தியாசம், கோடையில் இரண்டரை மணி. இப்போது அங்கே எப்போதும் கோடை. விரலை மடக்கி இரண்டு தடவை எண்ணினேன்.

"அக்கா, இன்டர்வியூ ரெண்டரைக்கு இல்ல. ஒன்றரைக்கு."

மணி அப்போது 12.24.

அக்கா போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "அவ தம்பி புள்ளைக்கு இன்னைக்கு ஞானஸ்நானம். கோயிலுக்குப் போனு கொண்டுபோக மாட்டா. இன்டர்வியூ ரெண்டரைக்குத்தானேன்னு தெம்பா இருப்பா." பிறகு கையிலிருந்த பட்டன்களைக் கீழே வைத்தார்கள். "போன வருசம் பாஸ்போர்ட் லேட்டாகி விட்டுப்போச்சு. இந்தத் தடவ சூப்பர்வைசர் வேலை. ஆளுக்கு ஒரு நேரந்தான், பத்து நிமிசம் பாப்பாக, வரலைன்னா அடுத்த ஆளக் கூப்புட்ருவாக."

ஜெசிந்தா அக்கா ஊரில் வேறு யாருடைய நம்பரும் அக்காவிடம் இல்லை. அவர்கள் ஸ்கூட்டரை மகன் கம்பத்துக்கு எடுத்துப் போயிருந்தான். ராயப்பன்பட்டி அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் அடுத்த மினிபஸ் 1.10க்கு. நான் ரோட்டுக்கு ஓடினேன்.

இந்த இடத்தில் ஒரு குறிப்பு. திராட்சைத் தோட்டங்களுக்குப் பிளாஸ்டிக் பெட்டி கொண்டுபோகும் குட்டியானை வண்டிகள் இந்த ரோட்டில் நாள் முழுக்கப் போகும். பஸ் இல்லாதபோது ஊர்க்காரர்கள் அதில்தான் ஏறுகிறார்கள். நான் கை காட்டிய முதல் வண்டியே நின்றது. ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். ராயப்பன்பட்டி வழியாகத்தான் போவதாகவும், நடுவில் இரண்டு தோட்டத்தில் பெட்டி இறக்க வேண்டும் என்றும் சொன்னார். தலையை ஆட்டி ஏறிக்கொண்டேன்.

முதல் தோட்டத்தில் எட்டு நிமிடம் போனது. பந்தலுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாகக் கொத்து தொங்கியது, வேறு நாளாக இருந்தால் போட்டோ எடுத்திருப்பேன். இரண்டாவது தோட்டத்தில் ஆள் இல்லை. ஓட்டுநர் இறங்கி, பம்புசெட் சுவரில் சாய்ந்து, போனில் யாரிடமோ எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மணி 12.53. சொல்ல வேண்டியதை வண்டிக்குள்ளேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

"அண்ணே, மொதல்ல என்னை விட்டுட்டு வாங்கண்ணே. ராயப்பன்பட்டியில ஒரு அக்காவுக்கு ஒன்றரைக்கு இன்டர்வியூ. அவுகளுக்கு நேரம் மாறுனது தெரியாது. நான் போயிச் சொல்லலைன்னா வேலை போயிரும்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "இத ஏறும்போதே சொல்றதுக்கு என்ன? வாயில என்ன வச்சிருக்க, திராச்சையா?"

1.04க்கு ராயப்பன்பட்டியில் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை.

ஜெசிந்தா அக்கா வீடு பூட்டியிருந்தது. ஜன்னலுக்கு உள்ளே போன் அடிப்பது கேட்டது, முருகேஸ்வரி அக்கா விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள் போல. பக்கத்து வீட்டில், எல்லாரும் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் என்றார்கள். மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். வாசலில் நின்ற ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து ஒரு வரிசையில் உட்கார வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் இலை விழுந்தது, இலையில் பிரியாணி விழுந்தது.

பரிமாறிய அம்மாவிடம், "ஜெசிந்தா அக்கா எங்க இருக்காக?" என்றேன்.

"எந்த ஜெசிந்தா? டீச்சர் ஜெசிந்தாவா, மேலத்தெரு ஜெசிந்தாவா?"

அந்த மண்டபத்தில் நான்கு ஜெசிந்தா இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் இலையை விட்டு எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன குறை என்று பார்த்தார்கள். "தையல் ஜெசிந்தா அக்கா," என்று சத்தமாகச் சொன்னேன். "ஜோர்டான் இன்டர்வியூ ரெண்டரைக்கு இல்ல, ஒன்றரைக்கு. இப்பவே வரணும்."

மூன்றாவது வரிசையில் தயிர்ப்பச்சடி வாளியோடு குனிந்திருந்த பெண் நிமிர்ந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், சுவரில் மணியைப் பார்த்தார்கள், வாளியைக் கீழே வைத்தார்கள். அவர்கள் தம்பி பைக்கை எடுத்தார். மூன்று பேரும் அதில் வீட்டுக்கு வந்தபோது மணி 1.19.

கம்ப்யூட்டர் தயாராக ஆறு நிமிடம் ஆனது. பென்டிரைவை எடுத்தேன், திரும்ப வைத்தேன். இப்போது ஏற்றினால் முக்கால் மணி நேரம் போய்விடும். தவறான நேரத்தோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மெயிலில் இருந்த இணைப்பை நேரடியாக அழுத்தினேன். மைக் வேலை செய்தது. கேமராவில் தூசி, துப்பட்டாவால் துடைத்தேன். அக்கா கை கழுவி, ஈரத்தோடு தலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1.29. திரையில் ஓர் ஆள் வந்து பெயரைக் கேட்டார். நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

1.57க்குக் கதவு திறந்தது.

"ஒரு காலரக் காட்டி என்ன தப்புன்னு கேட்டாக. சொன்னேன். பத்துப் பேரு தைக்கிற லைன்ல ரெண்டு பேரு வரலைன்னா என்ன செய்வன்னு கேட்டாக. அதையும் சொன்னேன்." அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இந்த வாரத்துக்குள்ள சொல்றோம்னாக."

தம்பி மண்டபத்திலிருந்து இரண்டு பொட்டலம் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஒங்க கம்ப்யூட்டர்ல அப்டேட்ட அமத்துனது நாந்தான்."

"அமத்தச் சொன்னது நாந்தான." எலும்பை ஓரமாக வைத்தார்கள். "இருந்தாலும் நீ ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

"பேச வரலைக்கா."

"இன்னைக்கு மண்டபமே கேட்டுச்சு."

சரியாக 2.15க்குக் கம்ப்யூட்டர் மணி அடித்தது. இன்னும் பதினைந்து நிமிடத்தில் இன்டர்வியூ என்று திரையில் வந்தது. அக்கா கையில் சோற்றோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள், நிறுத்த ரொம்ப நேரம் ஆனது. சாப்பிட்டு முடித்ததும் அப்டேட்டை ஏற்றினேன்.

திரும்பும் வழி: ராயப்பன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் எட்டு கிலோமீட்டர், 3.40க்கு டவுன் பஸ், இதிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உத்தமபாளையத்தில் தேனி பஸ்ஸுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். 24 ரூபாய். 5.20க்கு வீடு.

இதே வழியில் போகிறவர்கள் காமயகவுண்டன்பட்டியில் மினிபஸ்ஸை நம்பாதீர்கள், ஒன்றை விட்டால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். திராட்சை பார்க்கப் போனால் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வெளிநாட்டில் யாரோடாவது நேரம் குறித்துப் பேசுகிறவர்கள், காலண்டர் காட்டுவதை மட்டும் நம்பாமல், அந்த ஊரில் இருக்கும் ஒருவரிடம் இப்போது மணி என்ன என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் கடிகாரத்தைக் கையால் திருகாதீர்கள், நம் ஊர் நேரமும் சேர்ந்து கெட்டுவிடும். மாதம் ஒரு நாள், நெட் மிச்சம் இருக்கும்போது, அப்டேட்டைத் திறந்து விடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள். அமத்தச் சொல்லி வருகிறவர்களிடம் இப்போது நானே இதைச் சொல்கிறேன். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்.

வியாழக்கிழமை ஜெசிந்தா அக்கா போன் செய்தார்கள். தேர்வாகிவிட்டது, அடுத்த புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு மதுரையில் மெடிக்கல். இதுவரை மதுரைக்குத் தனியாகப் போனதில்லையாம், எந்த பஸ் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தது இது. ராயப்பன்பட்டியில் காலை 5.05க்கு முதல் பஸ். உத்தமபாளையத்தில் 5.35க்கு மதுரை பஸ். அது தேனிக்கு 6.30க்கு வரும். ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுவிடுங்கள் அக்கா, நான் அங்கே ஏறிக்கொள்கிறேன்.