அக்காவின் மோடம்

காலையிலிருந்து அப்பாவின் கைப்பேசி ‘டிங், டிங்’ என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் தெருக்காரர்களின் குழுவுக்கு அவர்தான் அட்மின். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே ஹாலில், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் அக்காவின் மோடம் கீச்சிடும். ஜார்ஜ்டவுன்காரர்கள் தங்கள் கணினியிலிருந்து எங்கள் வீட்டு எண்ணுக்கு டயல் செய்து, ஒருவர் போனதும் அடுத்தவராக வந்து, எங்கே வெள்ளம், எந்தத் தெருவில் தண்ணீர் இல்லை என்றெல்லாம் அக்காவின் கணினியில் இருந்த அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பார்கள். அக்கா ஒன்றுவிடாமல் பதில் போடுவாள். பத்து வயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது அந்தக் கீச்சொலிதான்.

“பொம்பளப் புள்ள, வீட்டு நம்பர ஊருக்கே குடுத்து வெச்சிருக்கியா? போதும்லா!” என்று அப்பா மோடத்தைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். பிறகும் அழைப்புகள் வந்தன. மறுமுனையில் இருப்பது கணினி என்றுகூடத் தெரியாமல் “ராங் நம்பர்!” என்று கத்தினார். அந்தச் சம்பந்தமும் அமையவில்லை.

அக்கா இப்போது இதே தெருவில் மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறாள்.

“அக்காவ குரூப்ல சேத்தீங்களாப்பா?” என்று கேட்டேன்.

கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அவளுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?”