நாலு தொண்டை வைத்த வண்டி

வருஷக்கணக்காக அவர் மனதில் ஒரு முள் கிடந்தது. குத்தியது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அக்காதான்.

பல வருஷத்துக்கு முன் ஒருநாள், மெக்கானிக்கான அவர் அக்காவின் பழைய சிவப்புக் காருக்கு டர்போ மாட்டி முடித்திருந்தார். ஒர்க்‌ஷாப் வாசலில் தெருவே கூடி நின்றது. அக்கா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கண்ணாடியை இறக்கி, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மிதிச்சா யோசிக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். கூட்டம் விடுமா? அன்று சாயங்காலமே அவருக்கு 'யோசனை' என்று பெயர் விழுந்தது. பஞ்சர் கடைக்காரர் முதல் சொந்த மாமனார் வரை எல்லோருக்கும் அவர் யோசனைதான். அக்கா ஒருத்திதான் இன்றுவரை தம்பி என்றே கூப்பிட்டாள். கொளுத்திப் போட்டவளுக்கு எரிவது தெரியவில்லை பார் என்று அவர் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தார்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கூடுதல் கடுப்பு. டர்போ என்பது இன்ஜின் விடும் புகையிலேயே சுழலும் விசிறி. அது வேகம் பிடித்து, காற்றைத் தள்ளி, குழாயெல்லாம் நிரப்பி, ஒரே ஒரு வாய் வழியாக உள்ளே அனுப்பும்வரை வண்டி சும்மா கிடக்கும். மற்றவர்களுக்கு அது கண் சிமிட்டும் நேரம். அக்காவுக்கு அப்படி இல்லை. அவள் கார் சீட் தைப்பவள். தம்பியின் பட்டறை இருந்த அதே கொட்டகையின் முன்பாதி அவளுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மெஷின் மிதியைத் தொட்டால், தொட்டபோதே ஊசி இறங்கும். காரையும் வெறுங்காலால்தான் ஓட்டுவாள். மிதி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவள் காலுக்குத் தெரிந்த நியாயம்.

ஆட்களை அவள் முகத்தை வைத்து நினைவு வைப்பதில்லை, சீட்டை வைத்துத்தான். ஒரு சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம், வீட்ல சண்டை போல. வண்டியிலயே தூங்கறாரு" என்பாள். வண்டிக்குச் சொந்தக்காரர் காதில் விழும்படியே சொல்வாள். அவரும் மறுக்கமாட்டார். கட்டின புருஷன் இருந்தவரை பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து போனாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு சாவியைக் கையில் எடுத்தவள், அப்புறம் யாரிடமும் கொடுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பார்வையின் ஓரங்கள் மங்கத் தொடங்கின. நேரே இருப்பது தெரிந்தது, பக்கவாட்டில் வருவது தெரியவில்லை. இந்த மாதத்தோடு வண்டி ஓட்டுவதை விட்டுவிட வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே அதைத் தம்பியிடம் சொன்னாள், சாவியை மாசக் கடைசியில் அவரிடமே கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். அவ்வளவுதான். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர் பின்பாதிக்குப் போய்ச் சிவப்புக் காரின் பானெட்டைத் திறந்தார். சாவி கைமாறுவதற்குள் ஒரே ஒரு தடவையாவது இந்த வண்டி அவள் மிதித்ததும் கிளம்ப வேண்டும். ஒரே வாயைக் கழற்றி எறிந்துவிட்டு, நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக, காற்றைத் திறந்து மூடும் நாலு த்ராட்டில் பாடி மாட்டுவது என்று முடிவு செய்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பக்கத்திலேயே அதனதன் தொண்டை. திறந்த மாத்திரத்தில் காற்று உள்ளே.

நாலையும் மூடி டர்போ காற்றைப் பிடித்து வைக்க அலுமினியப் பெட்டி ஒன்று வேண்டும். வெல்டர் கொசு அதைச் செய்ய ஒப்புக்கொண்டான். வேலை செய்யும்போது ஙொய் என்று ராகம் இழுப்பதால் கொசு. "டர்போ வண்டிக்கு எவனாவது நாலு வாய் வெப்பானா யோசன? எங்க வீட்ல ஒரு வாயையே சமாளிக்க முடியல" என்று புலம்பினாலும், தையல் போல அழகாகப் பற்றவைத்துக் கொடுத்தான்.

பிறகு வந்த மத்தியானங்கள் அவருக்குக் கனவு மாதிரி. தகரத்தின் ஓட்டை வழியே வெயில் குச்சி குச்சியாக இறங்கும். பெட்டி மூடியைத் திறந்து வைத்து, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு தொண்டையிலும் வைத்துக் கேட்பார். நாலும் ஒரே மூச்சு விட வேண்டும். ஒன்று சீறினால் திருகைக் கொஞ்சம் இறக்குவார், ஒன்று முனகினால் ஏற்றுவார். முன்பாதியில் அக்காவின் மெஷின் ஓடும், நிற்கும், ஓடும். நேரம் போகப் போக எது மெஷின், எது இன்ஜின் என்பதே மறந்துவிடும். தூங்கும் வீட்டின் நடுவே நிற்பதுபோல் இருக்கும். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பிய நாளும் உண்டு.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் மூடியை இறுக்கி ஓட்டிப் பார்த்தார். வண்டி துள்ளியது, முழித்தது, மறுபடி துள்ளியது. கூட வந்த கொசு, "முன்ன யோசிச்சுது. இப்ப விக்கல் எடுக்குது" என்றான்.

டயர் அடுக்கின்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாவி நாளைக்குக் கைமாறிவிடும். அப்புறம் வண்டி பறந்தால் என்ன, படுத்தால் என்ன? திறந்த பானெட்டை வெறித்துக்கொண்டே இருந்த கண்ணில் அது பட்டது. உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்ன ரப்பர் குழாயை, கைப்பழக்கத்தில் முதல் தொண்டையில் மட்டும் மாட்டியிருந்தார். ஒரு வாய் இருந்த காலத்தில் அது போதும். இப்போது அது, நாலு பேர் உள்ள வீட்டில் ஒருத்தனை மட்டும் சாப்பிட்டாயா என்று கேட்டு உலை வைத்த கதை. ஒருத்தனையே கேட்டுக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி நேராகும்?

கொசு மறுபேச்சில்லாமல் கைப்பிடி அளவு டப்பா ஒன்று பற்றவைத்தான். நாலு தொண்டையிலிருந்தும் நாலு குழாய் அதற்குள், அதிலிருந்து ஒன்று கம்ப்யூட்டருக்கு. இருட்டுமுன் வேலை முடிந்தது.

மறுநாள் காலை அக்கா செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். குடோன்களுக்குப் பின்னால் ஆற்றங்கரை வரை ஆள் நடமாட்டமில்லாத நேர் சாலை. மூடுபனி தரையோடு படுத்திருந்தது. அவள் கட்டைவிரலால் மிதியைத் தொட்டாள். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. முதுகு சீட்டில் பதிந்தது. குடோன் சுவர்கள் பால்போல் கரைந்து பின்னால் ஓடின. காலை எடுத்தாள், அடங்கியது. தொட்டாள், எழுந்தது. தைக்கும்போது வரும் அதே அமைதி அவள் முகத்தில்.

கரையில் நிறுத்தினாள். அவள் என்ன சொல்வாள் என்று அவர் பார்த்தார்.  கடைசியில் அவரே கேட்டார்: "இப்பவும் யோசிக்குதா?"

"என்னது?"

"அன்னிக்கு சொன்னியே, எல்லார் முன்னாடியும். அதுலதான எனக்கு அந்தப் பேரு."

அக்கா தலையை முழுசாகத் திருப்பி அவரைப் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்படித் திருப்பினால்தான் அவளுக்குத் தெரியும். "அதுலயா? நீ எதையும் யோசிச்சு செய்யறவன்னு மெச்சிக் கூப்பிடறாங்கன்னுல்ல நெனச்சேன். பெருமையா இருந்துச்சுடா."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் இறங்கி, காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, அவரை ஓட்டும் சீட்டுக்கு நகரச் சொல்லிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சாவி அதன் இடத்திலேயே தொங்கியது. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்தாள்.

"தெனம் காலைல ஒரு சுத்து கூட்டிட்டு வா. எங்க இருக்கோம்னு நீ சொல்லாத. சுவரு வந்தா சத்தம் மாறும், ஆறு வந்தா மாறும், நானே சொல்றேன். நீ மிதி."