கொழுத்த கிழங்குகள்

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள் என்று இன்று டேலியாக் கிழங்கை வெட்டியதும் எழுந்த பச்சை மணம், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு அருகே அப்போது நாங்கள் குடியிருந்த, இப்போது முள்வேலிக்குள் இடிந்து கிடக்கும் குவாட்டஸ் வீட்டு வரிசைக்கு என்னைக் கொண்டுபோனது. செடிகள் நெருங்கிப் பூச் சிறுத்தால், மாரி முடிந்து இலை கருகும்வரை பொறுத்திருந்து, அம்மா சுற்றிவரத் தள்ளிக் கிண்டிக் கிழங்கைக் கொத்தோடு தூக்குவார். ஒவ்வொரு துண்டிலும் தண்டடி முளைக்கண் ஒன்று இருக்கும்படி பிரித்து, வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பல் பூசுவார். கண் இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது என்பது ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும்.

இலங்கைத்துறையிலிருந்து புதிதாகக் குடிவந்த அடுத்த வீட்டு மாமி ஆசைப்பட்டுக் கேட்டபோது, அம்மா கண் இல்லாத கொழுத்த கிழங்குகளாகப் பொறுக்கி, சாம்பலும் பூசி, என்னிடம் கொடுத்துவிட்டார்.

"கொம்மா பெரிசெல்லாம் எனக்குத் தந்திட்டா," என்று மாமி பூரித்துப்போனார்.

அதன் பிறகு தினமும் காலையில் அரிசி கழுவிய தண்ணீரை வெறும் மண்ணுக்கு ஊற்றி, குந்தியிருந்து பார்ப்பார். "எனக்குத்தான் கைராசி இல்லைப் போல, பிள்ளை."

"இன்னும் கொஞ்ச நாள் ஊத்துங்கோ மாமி, வரும்," என்றேன்.

வேலிக்குப் பின்னால் அம்மா வாயைப் பொத்திச் சிரிப்பது கேட்டது. அம்மாவைச் சிரிக்கவைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கிழங்கு கேட்ட பக்கத்து வீட்டுப் பெண் இப்போது வருவாள். அவளுக்கென்று பையில் போட்டு வைத்திருப்பவை எல்லாம் கொழுத்தவை.