பதினாலா, பதினைந்தா

ஒரே நாளில் ஆறு முறை அவர் பதினான்கைப் பதினைந்தாக்கினார். ஆறு முறையும் நான் அதைப் பதினான்காக்கினேன். கடைசியில், செய்தி விடுவதற்கென்று இருக்கிற அவருடைய பேச்சுப் பக்கத்தில் "ஆதாரம் இல்லாமல் எண்ணை மாற்றாதீர்கள். இது இறுதி எச்சரிக்கை" என்று ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். மனசில் ஒன்றும் இல்லை. ஈ விரட்டுகிற வேலைதானே என்றுதான் இருந்தது.

நான் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மிச்ச நேரத்தில், யாரும் எழுதலாம் யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியத்துக்குச் சம்பளமில்லாத காவல்காரி. பன்னிரண்டு வருடமாக. "வீட்டுல உப்பு தீர்ந்தது தெரியாது, எந்த ஆறு எவ்வளவு நீளம்னு மட்டும் தெரியும்" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் ஒட்டுகிற எச்சரிக்கைகளைப் படித்தவர்களுக்கு அது தெரியும்.

அந்தப் பதினைந்துக்காரர் கைவைத்தது என் சொந்தக் கட்டுரையில். பத்து வருடத்துக்கு முன் எங்கள் ஊர்ச் சந்தைக் கட்டடத்தின் கூரை இடிந்து விழுந்தது. அந்த வாரத்துப் பத்திரிகைகளை வைத்து நான்தான் எழுதினேன். இறந்தவர்கள் பதினான்கு பேர், பெயர்களோடு.

மூன்று நாள் கழித்து அவர் ஒரு வழிகாட்டி வேண்டும் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு எங்களில் ஒருத்தரை வரிசைப்படி ஒதுக்குவார்கள். என் தலையில் விழுந்தது. பயனர் பெயர் 'லிஃப்ட்காரன்'. முதல் கேள்வி இது:

"ஒரு எண்ணை மாத்துறேன், தானா பழையபடி ஆயிடுது. மெஷின்ல கோளாறுங்களா?"

"கோளாறு இல்லை. நான்தான் மாத்துறேன்" என்று எழுதினேன்.

சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "சரிங்கம்மா. அப்ப எப்படி மாத்தணும்னு நீங்களே சொல்லிக் கொடுங்க."

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வரச் சொன்னேன். நான்காவது மாடி. மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அறுபத்தாறு வயது, சட்டைப் பையில் டெஸ்டர். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவராம்.

"லிஃப்ட் இருக்கே ஐயா, ஏன் ஏறி வர்றீங்க?"

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பதினைந்தாவது ஆள் அவர் மனைவி. சந்தையில் ஒரு தையற்கடையில் காஜா எடுக்கிற வேலை. கூரை விழுந்த அன்று சாகவில்லை, இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். அதற்குள் பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விட்டன. இதையெல்லாம் ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். "காரியம் முடிஞ்ச மறுநாளே ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டை ரிப்பேர் பண்ணப் போனேன். அழுகை வரலை. இன்னும் வரலை. சாப்பிடுறேன், தூங்குறேன், அவ்வளவுதான்."

"இப்ப ஏன் திடீர்னு எண்ணை மாத்த வந்தீங்க?"

"ரெண்டு மாசத்துல பத்தாவது வருஷம். நகராட்சி நினைவுக்கல்லு வைக்குது. அவ பேரு அதுல இல்லைன்னு இன்ஜினியர் கிட்ட போனேன். 'எங்க லிஸ்ட்ல பதினாலு, இணையத்துலயும் பதினாலு. மொதல்ல அங்க மாத்திட்டு வாங்க பெரியவரே'ன்னுட்டார். அதான்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது விதிதான். "நீங்க புருஷன். நீங்க சொல்றது ஆதாரம் ஆகாது ஐயா. அச்சான ஏதாவது வேணும். அது கிடைச்சாலும் நீங்க உங்க கையால மாத்தக் கூடாது. சொந்தக்காரங்க, கட்டுரையோட பேச்சுப் பக்கத்துல கோரிக்கை வைக்கணும், வேற ஆள் மாத்தணும்."

தலையை ஆட்டி அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

வாரா வாரம் வந்தார். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று காட்டுகிற வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க மெஷின் ரூம்லயும் அட்டை தொங்கும்மா. தொட்டவன் கையெழுத்துப் போடணும். போடாம போனான்னா அவன் திருடன்." லிஃப்ட் பிரேக் பற்றிய கட்டுரையில் நான்கு தப்பைக் கண்டுபிடித்து, நான்குக்கும் புத்தகத்தில் பக்கம் காட்டித் திருத்தினார். என்னிடம் வந்த புதியவர்களில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்தவர் யாருமில்லை. என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கேட்க வேடிக்கையாக இருந்தது.

ஒரு வாரம் ஒரு கட்டுப் பழைய பத்திரிகை கொண்டு வந்தார். ஒவ்வொரு வருடமும் அந்த விபத்தைப் பற்றி வந்த நினைவுக் கட்டுரைகள். எல்லாவற்றிலும் பதினாலு.

"பாத்தீங்களா ஐயா, நான் என்ன பண்ண முடியும்?" என்றேன். ஜெயித்த மாதிரி இருந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல.

அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். "இதுல மூணு படிக்கட்டு, தப்பிக்க வழி இருந்துச்சுன்னு போட்டிருக்கு. அங்க ரெண்டு படிக்கட்டுதான். அந்தக் கட்டடத்து சரக்கு லிஃப்டை எட்டு வருஷம் பாத்தவன் நான். எல்லாப் பேப்பர்லயும் எப்படிம்மா மூணுன்னு வரும்?"

எப்படி வரும்? நான் எழுதினால் வரும். அந்தக் கட்டடத்தின் படியை நான் மிதித்ததே இல்லை. ஏதோ ஒரு வரைபடத்தைத் தப்பாக எண்ணி 'மூன்று படிக்கட்டுகள்' என்று எழுதியவள் நானேதான். என் கட்டுரையைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். பிறகு ஒருநாள் கட்டுரைக்கு ஆதாரம் போதவில்லை என்று அதே பத்திரிகைகளை நான் அடிக்குறிப்பில் சேர்த்தேன். நகராட்சி லிஸ்டும் அங்கிருந்தே போயிருக்கும். நான் சொன்னதை ஊர் சொன்னது, ஊர் சொன்னதை எனக்கே சாட்சியாக வைத்துக்கொண்டு அந்த மனுஷனை ஆறு முறை விரட்டியிருக்கிறேன்.

"என் தப்புதான் ஐயா" என்றேன்.

"சரி, விடுங்க. இப்ப எங்க தேடணும்?"

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து விசாரணைக் கமிஷன் அறிக்கை வெளிவந்ததை, நூலகப் பட்டியலில் தேடி நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கீழ்த்தளத்தில் அரசு வெளியீடுகள் அடுக்கிய அலமாரியில் இருந்தது. பக்கம் அறுபத்தொன்று. அட்டவணையின் கடைசி வரியில் அவர் மனைவியின் பெயர், வயது, 'தையல் தொழிலாளி, சிகிச்சையின்போது இறந்தார்', தேதி. அவர் அந்த வரியை மூன்று தடவை படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்க எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார்.

சொல்லிக் கொடுத்தபடியே பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வைத்தார். நான் பதினான்கைப் பதினைந்தாக்கினேன், அதே அறிக்கையில் இருந்தபடி படிக்கட்டை இரண்டாக்கினேன், அவர் மனைவி பெயரைச் சேர்த்தேன். எல்லாம் பத்து நிமிஷ வேலை. அதை அச்செடுத்துக்கொண்டு, அறிக்கையின் நகலோடு இரண்டு பேருமாக நகராட்சிக்குப் போனோம்.

இன்ஜினியர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "கல்லு போன வாரமே வந்தாச்சு பெரியவரே. அடிச்ச எழுத்தை ரப்பர் போட்டா அழிக்க முடியும்? அதுல இடமும் இல்ல. வேற ஏதாவது சந்தர்ப்பம் வந்தா பாப்போம்."

நான் கத்தினேன். மேஜையைத் தட்டினேன், நியாயம் கேட்டேன், அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. யாருடைய தப்புக்கு யாரைத் திட்டுகிறேன் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

திறப்பு அன்று காலையில் போனோம். கறுப்புக் கல், வெள்ளை எழுத்து, பதினாலு பெயர். கூட்டம் கலைந்ததும் கிட்டே போய்ப் பதினாலையும் மெதுவாகப் படித்தார்.

"எழுத்து நல்லா வெட்டியிருக்கான்" என்றார்.

"உங்களுக்குக் கோபமே வரலையா ஐயா?"

"வரமாட்டேங்குது டீச்சரம்மா. வந்தா நல்லாத்தான் இருக்கும்."

இரண்டு நாளில் யாரோ ஒரு புதியவர் கட்டுரையில் பதினைந்தைப் பதினான்காக்கிவிட்டார். அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார். ஆதாரமாகக் கல்லின் புகைப்படம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இறுதி எச்சரிக்கை ஒட்டலாம் என்று அந்தப் புதியவரின் பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். எனக்கு முன்னால் லிஃப்ட்காரன் வந்து எழுதிவிட்டுப் போயிருந்தார்.

"வணக்கம். நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள், நல்வரவு. கல்லைப் பார்த்து மாற்றியிருக்கிறீர்கள், அது உங்கள் தவறு இல்லை. பதினைந்தாவதாக இறந்தது என் மனைவி. ஆனால் நான் சொல்வது ஆதாரம் ஆகாது. விசாரணை அறிக்கை, பக்கம் 61 பாருங்கள். எப்படி மாற்றுவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்."

நான் செருப்பைக்கூடப் போடாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து கேட்டார் என் வீட்டுக்காரர். அந்த மனுஷனுக்குப் பத்து வருடமாக வராத அழுகை எனக்கு வந்தது.