பக்கத்து சீட்டு பிரேக்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓட்டப் பழகுபவர் தடுமாறினால், பக்கத்து சீட்டில் இவர் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார். அந்தத் தைரியத்தில் மனிதர் எதற்கும் அசைந்ததில்லை.

ஊரடங்கு வந்தது. கார் வாசலில் தூசி படிந்து கிடந்தது, மாஸ்டர் சோபாவில் கிடந்தார். டிவியில் செத்தவர்கள் கணக்குச் சொன்னால் அவர் வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். நான் இருமினாலும் அதே கதைதான். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது, உள்ளுக்குள் உதறலாகவும் இருந்தது. அதனால் இருமல் வந்தால் பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு இருமத் தொடங்கினேன்.

நாலாம் நாள் பாத்திரம் கழுவத்தான் குழாயைத் திறந்தேன். ஹாலில் கால் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு போய் அவரை ஒட்டி உட்கார்ந்தேன்.

"ஓட்டப் பயப்படுறவங்கள என்ன பண்ணச் சொல்வீங்க?"

"முன்னாடி தெரியறத வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன்."

"அப்ப சொல்லுங்க."

"டிவி. ஜன்னல். காலி ரோடு." என் பக்கம் திரும்பினார். "நீ இல்லாத வீடு."

எனக்கும் பல நாளாக அதே வீடுதான் தெரிந்துகொண்டிருந்தது, ஆள் மட்டும் வேறு. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் முந்திக்கொண்டது. எழுந்து ஓடாமல் அங்கேயே இருமினேன். அவர் கால் என் பாதத்தின் மேல் இறங்கியது.

வலித்தது. எடுக்கச் சொல்லவில்லை.