பிரெஞ்சு சீமைக்குச் சம்பந்தம் பேசப் போனோம்

என் தங்கைக்குப் புதுச்சேரியிலிருந்து வரன் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் பையன் கறுப்பா சிவப்பா என்று கேட்கவில்லை. "அந்த நாட்டுல ஒக்காந்துக்கினு சாப்புடுவாங்களா, நின்னுக்கினா?" என்று கேட்டாள் அம்மா.

யுத்தத்துக்கு முந்தின காலம். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரம்தான் என்றாலும் புதுச்சேரி வேறு ராஜ்யம். பிரெஞ்சுக்காரன் ஆண்டான். நடுவில் சுங்கச் சோதனை உண்டு. என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்மேன். லீவரை இழுத்து ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து புதுச்சேரி வண்டியை அந்த நாட்டுக்கு அனுப்பிவைத்தவர் அவர்தான். ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. கேட்டால், "அனுப்பி வுடறதுதான் என் வேல. போறது அவங்க வேல" என்பார்.

இப்போது போகவேண்டி வந்துவிட்டது. மாதா கோயில் சாமியார் சொல்லி வந்த வரன். நல்ல குடும்பம் என்று அவரே எழுதியிருந்தார். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வர ஐந்து பேர் புறப்படுவதாக ஏற்பாடு: நைனா, அம்மா, என் வீட்டுக்காரர், நான், பிறகு மாமா.

மாமா அம்மாவின் அண்ணன். திண்டிவனத்தில் நான் வாழ்க்கைப்பட்ட தெருவுக்கு அடுத்த தெரு. சைகோனில் ஒரு பிரெஞ்சு அதிகாரியிடம் ஏழு வருஷம் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பியபோது அவரிடம் இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு தொப்பி, ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி. எங்கள் வம்சத்தில் கடல் தாண்டியவர் அவர் ஒருவர்தான் என்பதால் பயண விஷயத்தில் அவர் சொன்னதே சட்டம்.

"தெரியாத தேசத்துக்குப் போறோம். பயிற்சி இல்லாம போனா மானம் பூடும்" என்றார் மாமா. நான்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அவர் வீட்டில் பாடம் நடந்தது. நைனாவும் அம்மாவும் அதற்காகவே விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வருவார்கள்.

முள்கரண்டி ஒன்றுதான். சாப்பிடவேண்டியவர்கள் நான்கு பேர். எனவே வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் கரண்டியைக் கொடுக்க வேண்டும். சாப்பாடு கேப்பைக் களி. களியைக் கத்தியால் அறுத்து, முள்ளால் குத்தி வாய்க்குக் கொண்டுபோனால் அது வாய்க்குள் போகும். ஆனால் கரண்டியை விட்டு வராது. என் வீட்டுக்காரர் ஒரு முறை பல்லால் பிடித்து இழுத்துப் பார்த்தார். "அத வுடு, பல்லு வந்துரும்" என்றார் மாமா.

மற்ற விதிகளும் இருந்தன. உள்ளே நுழைந்ததும் ஆண்கள் கைகுலுக்க வேண்டும். ஏப்பம் கூடாது. "இன்னும் போடட்டுமா" என்று கேட்டால் முதல் தடவையே சரி சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் செய்வதுபோல மூன்று முறை வேண்டாம் என்றால் அவர்கள் நிஜம் என்று நம்பிவிடுவார்கள். வந்தனத்துக்கு 'பொன்ழூர்'. நன்றிக்கு 'மெர்சி'.

நைனா இந்த இரண்டு சொற்களையும் வேலையிடத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினார். ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்கு லீவுச் சீட்டைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது வாய் தவறி, "மெர்சி" என்றுவிட்டார். மாஸ்டர் இங்கிலீஷ் படித்தவர். இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குக் கருணை காட்டுங்கள் என்று அர்த்தமாம். அவர் முகம் வெளிறிவிட்டது.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலீங்களே."

"பின்ன எதுக்கு மன்னிப்பு கேக்கறே? எந்தப் பாயிண்ட்டை மாத்தி வுட்டே? ஜல்தி சொல்லு!"

நைனாவுக்குப் பயத்தில் இரண்டு சொல்லில் ஒன்றுதான் நினைவிருந்தது. மறுபடி "மெர்சி" என்றார். அன்று மத்தியானம் வரை மாஸ்டரும் நாலு கலாசிக் கூலியாட்களும் நைனாவும் ஜங்ஷனில் இருந்த ஒவ்வொரு பாயிண்ட்டையும் குனிந்து பார்த்தார்கள். குற்றம் எதுவும் அகப்படவில்லை. அதனாலேயே மாஸ்டருக்கு இன்னும் பயம் அதிகமாயிற்று.

புறப்பட்ட நாளன்று அம்மா வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, ஒரு மூட்டை கட்டிக்கொண்டாள். மாமா தொப்பி போட்டிருந்தார். எல்லை ஸ்டேஷனில் வண்டி நின்றதும், "எறங்குங்க, எறங்குங்க. மூட்டையப் பிரிச்சி வரிசையா வைங்க. அவங்க கேக்கறதுக்கு முன்ன நாமளே காட்டுனா மரியாத" என்று எங்களை இறக்கிவிட்டார்.

பிளாட்பாரத்தில் ஐந்து மூட்டைகளையும் பிரித்து வைத்துக்கொண்டு, கைகட்டி நின்றோம். அம்மாவின் உள்பாவாடை வரைக்கும் ஊரே பார்த்தது. சுங்கக்காரர் ஒருவர் தூரத்தில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, கடை போட்டுக்கினு கீறீங்களா?" என்றார்.

"சோதன பண்ணிக்கிங்க" என்றார் மாமா.

"அங்கேருந்து வர்றப்பதான்யா பாப்போம். போறப்ப யாரு பாக்கறது? வண்டி கெளம்புது, ஏறு!"

மூட்டைகளை அப்படியே வாரிக்கொண்டு ஓடினோம். மல்லாட்டையில் பாதி பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டது. இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை இன்றும் வெளியூர் போகிறவர்களிடம் சொல்வேன்: கேட்காமல் எதையும் பிரித்துக் காட்டாதீர்கள்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு பிரெஞ்சு டாக்டர் பங்களாவில் தோட்டக்காரர். வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். வியர்வை கழுத்தில் வழிந்தது. எங்களைக் கண்டதும் நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "குட்மார்னிங்" என்றார். மணி பன்னிரண்டரை. நைனா "பொன்ழூர்" என்றார். இரண்டு பேரும் கையை விடவே இல்லை. யார் முதலில் விடவேண்டும் என்று மாமா சொல்லித்தரவில்லை.

உள்ளே ஒரு கதவைக் கழற்றி இரண்டு பீப்பாய் மேல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து மேஜையாக்கியிருந்தார்கள். பங்களாவிலிருந்து கேட்டு வாங்கிய தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் ஆளுக்கு ஒன்று. அம்மா என்னைப் பார்த்தாள். மாமா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது.

சோறும் ஆட்டுக்கறியும் வந்தன. மாப்பிள்ளையின் அம்மா, "இன்னும் போடட்டுங்களா?" என்று கேட்டாள். அம்மா உடனே, "போடுங்க" என்றாள். மறுபடி கேட்டாள். மறுபடி, "போடுங்க." தட்டில் மலை எழுந்தது. நைனா ஒரு கறித்துண்டைக் கத்தியால் அழுத்தினார். அது துள்ளிப் பறந்து சம்பந்தியம்மாள் மடியில் விழுந்தது. அவள் திடுக்கிட்டு, "தேங்க்யூ" என்றாள். நைனா, "மெர்சி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அது முறை என்றே நினைத்தோம்.

அடுத்து ரசம் ஊற்றினார்கள். ஆறு முள்கரண்டிகள் ரசம் சோற்றுக்கு மேல் அப்படியே நின்றன. மாப்பிள்ளையின் அப்பா ஒரு பருக்கையைக் குத்தப் பார்த்தார். அது நழுவியது. வேறொரு பருக்கையைத் தேடினார்.

சம்பந்தியம்மாளால் தாங்கமுடியவில்லை. அம்மாவின் காதருகே குனிந்து, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊட்டுல தெனமுமா இந்தப் பேஜாரு?" என்றாள்.

"எங்க ஊட்டுலயா? களிய வழிச்சி கையால துன்றவங்க நாங்க. நீங்க பிரெஞ்சுக்காரங்கன்னுதான்..."

"அய்யோ, நாங்க எங்க பிரெஞ்சுக்காரங்க? உங்க அண்ணன் காயிதம் போட்டாரே! ரயில்வே உத்தியோகஸ்தரு, தொரைங்ககூடப் பழகினவரு, மேசையிலதான் சாப்புடுவாருன்னு!"

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அந்த மேஜையில் அவர் ஒருவர்தான் நிம்மதியாகச் சாப்பிட்டிருந்தார். எப்படியோ முள்கரண்டியாலேயே ரசம் சோற்றை முடித்துவிட்டிருந்தார். "கொஞ்சம் கௌரதையா இருக்கட்டுமேன்னு எழுதினேன்" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து கோட்டைக் கழற்றினார். உள்ளே பனியன் முழுக்க நனைந்திருந்தது. "தரையில பாயப் போடு" என்றார். தட்டுகளோடு கீழே இறங்கி உட்கார்ந்தோம். நைனா ரசத்தைக் கையில் வழித்து உறிஞ்சிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. பிறகு பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். சம்பந்தி பதிலுக்கு ஒன்று விட்டார். பாக்கு வெற்றிலை மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைப் பையன் அதுவரை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அப்போதுதான் வெளியே வந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டான். அடக்கமான பையன். எனக்குப் பிடித்தது.

புறப்படும்போது சம்பந்தியம்மாள் ஒரு முழத்துக்கு மேல் நீளமான ரொட்டி ஒன்று கொடுத்தாள். திரும்பும் வழியில் எல்லை ஸ்டேஷனில் இப்போது நிஜமாகவே சோதனை. வேறொரு சுங்கக்காரர். ரொட்டியைத் தட்டிப் பார்த்தார், குலுக்கினார், காதில் வைத்துக் கேட்டார். உள்ளே பட்டு சுருட்டி வைத்திருப்பதாகச் சந்தேகம். ஐந்து துண்டாக ஒடித்தார். ஒன்றும் இல்லை.

"இது சரக்கா, வழிச் சாப்பாடா?" என்றார்.

"சாப்பாடுங்க" என்றார் நைனா.

"சாப்பாடுன்னா சாப்புடு."

வயிறு முட்டக் கறிச்சோறு தின்றுவிட்டு வந்த ஐந்து பேரும் பிளாட்பாரத்தில் நின்றபடி காய்ந்த ரொட்டியை மென்றோம். தண்ணீர்கூட இல்லை. கடைசி வாய் இறங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

விழுப்புரத்தில் தங்கை வாசலிலேயே காத்திருந்தாள். வெட்கத்தை விட்டு, "எப்டிமா இருந்திச்சி அந்த நாடு?" என்று கேட்டாள்.

அம்மா மூட்டையை இறக்கி வைத்தாள்.

"ரசத்துக்குப் புளி கொஞ்சம் தூக்கலா போடறாங்க" என்றாள். "நீ போயி கொறச்சிக்க."