பெட்டியை விடாத புரொபசர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் நலம். எங்கள் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சஸ்பென்ஸ் வைத்து உங்களைப் படுத்த எனக்கு மனசு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் பட்டதே போதும்.

கதை சனிக்கிழமை சாயங்காலம் பொன்னேரி தியேட்டரில் ஆரம்பிக்கிறது.

டைனோசர் படம். இரண்டாம் பாகம். பெயர் வேண்டாம், பாவம், எடுத்தவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே. முதல் பாகத்தில் ஒரு தீவுக்கு ஒன்பது பேர் போய் நான்கு பேர் உயிரோடு திரும்பினார்கள். இரண்டாம் பாகத்தில் அந்த நான்கு பேரும் அதே தீவுக்கு மறுபடியும் கிளம்புகிறார்கள். ஏன்? போன தடவை ஒரு பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். பெட்டிக்குள் என்ன? கடைசிவரை யாரும் சொல்லவில்லை. எழுதியவருக்கே தெரியாது என்பது என் சந்தேகம்.

ஓட்டைகளைக் கேளுங்கள். பத்து டன் எடையுள்ள மிருகம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது – ஒருவருக்கும் காதில் விழவில்லை. எங்கள் தெரு முனையில் தண்ணீர் லாரி திரும்பினாலே அலமாரியில் டம்ளர்கள் ஆடுகின்றன! நான்கு பேருக்கும் போன் இருக்கிறது, எங்கே போகிறோம் என்று ஒருவர்கூட வீட்டில் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து கூட்டிவந்த வழிகாட்டி, ‘வண்டியை விட்டு இறங்காதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த நிமிடம் புரொபசர் இறங்குகிறார். எதற்கு? ஒரு பூவைப் பார்க்க.

இறங்கியவர் நேராகச் சதுப்பில் சிக்குகிறார். இடுப்புவரை போயாயிற்று. கையில், அதற்குள் கண்டெடுத்துவிட்ட அந்தப் பெட்டி. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாரே தவிர விடமாட்டேன் என்கிறார். மற்ற மூவரும் சுற்றி நின்று அழுகிறார்கள். அதில் ஒருத்தி முதல் காட்சியிலிருந்து தோளில் ஒரு கயிற்றுச் சுருளை மாட்டிக்கொண்டே அலைகிறாள். ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

என்னால் தாங்கமுடியவில்லை. ‘கயிறு... கயிறு...’ என்று கத்தியேவிட்டேன். பின் வரிசையில் சிரித்தார்கள். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மறுநாள் காலை பழவேற்காடு பஸ்ஸிலும் நான் அதையேதான் பேசிக்கொண்டு போனேன். கேரக்டர் என்றால் ஒரு காரணம் வேண்டாமா? இவ்வளவு முட்டாளாக உலகத்தில் யாராவது இருப்பார்களா? திருப்பாலைவனம் தாண்டும்போது வீட்டுக்காரர் ஒரே ஒரு வரி சொன்னார்.

“பயத்துல மூளை வேலை செய்யாதும்மா.”

அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்கு அரை மார்க் போடுகிறவர். அதனால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பழவேற்காட்டுக்கு ஏன் போனோம்? பூநாரை பார்க்க. அவருடைய பழைய ஸ்கூல் வாத்தியார்களின் வாட்ஸப் குரூப்பில் யாரோ ஒருவர் பூநாரை போட்டோ போட்டுவிட்டார். அதிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவரும் அம்மாவின் தம்பி தேசப்பன் ஏரியில் நண்டு வலை வைத்திருப்பவர். வலை பார்க்கப் போகும்போது எங்களையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்து, அவரே வாரை இழுத்துக் கட்டிவிட்டார். ஐம்பது வயதிருக்கும். அளந்து பேசுகிற மனிதர்.

ஏரி நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் பாதி இடத்தில் முழங்கால் ஆழம்கூட இல்லை. ஒரு திட்டுக்குப் பக்கத்தில் படகு தரைதட்டி நின்றுவிட்டது. தேசப்பன் பதறவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கடலிலிருந்து தண்ணீர் ஏறும், படகு தானாக மிதக்கும், அதற்குள் அந்தாண்டை வலை போட்டுக்கொண்டிருக்கும் தன் தம்பியைக் கூட்டிவந்தால் தள்ளிவிடலாம் என்றார். இடப்பக்கமாக இறங்கி, தரையில் நடப்பதுபோல் தண்ணீரில் நடந்து போனார். போகும்போது ஒன்று சொன்னார்.

“சாரு, எறங்காதீங்க. மேல கெட்டியாத் தெரியும். உள்ள களி.”

வலப்பக்கம், கொஞ்ச தூரத்தில், பூநாரைகள். நூறு இருக்கும். ரோஸ் நிறத்தில் வரிசையாக நின்றன.

இனி நடந்ததை நான் சொல்லவேண்டுமா?

ஆமாம். போனும் கையுமாக இறங்கினார். ‘அவர் நடந்துதானே போறாரு’ என்றார். தேசப்பன் போனது இடப்பக்கம், இவர் இறங்கியது வலப்பக்கம் என்பது முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நான் ‘பாத்து’ என்று மட்டும் சொன்னேன். கணவன் எந்த முட்டாள்தனத்துக்குக் கிளம்பினாலும் மனைவிகள் சொல்லும் வார்த்தை அது. எதற்கும் பயன்பட்டதில்லை.

ஆறாவது அடியில் வலது கால் உள்ளே போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினார். அதுவும் போனது. முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் இழுத்துப் பார்த்தார். இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. தொடைவரை.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். போன வருஷம்தான் இடது முழங்காலில் ஆபரேஷன். அந்தக் கால்தான் அதிகமாக மாட்டியிருந்தது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்கிறீர்களா? அது தண்ணீருக்கு. சேறு அதைச் சட்டை செய்வதில்லை.

அப்போதுதான் தேசப்பன் சொன்னது எனக்குள் இடித்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறும், படகு மிதக்கும். சரி... படகு மிதக்கிற தண்ணீரில், நடக்கமுடியாமல் நிற்கிற மனிதர் என்ன ஆவார்?

பயந்துவிட்டேன். இதற்குமேல் நயமாகச் சொல்லத் தெரியவில்லை. ‘என்னங்க... என்னங்க...’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. தேசப்பன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். காற்றும் எதிர்க்காற்று. நான் எழுந்து படகின் விளிம்பில் கால் வைத்தேன்.

“நீ எறங்காத” என்றார் அவர். கோபமில்லாமல், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்கிற குரலில். “நீ மட்டும் எறங்காத.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதைவிடப் பெரிய காதல் வசனம் அவர் பேசியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பனையோலையில் முடைந்த பறி ஒன்று, கூடை மாதிரி, அவள் வாயில். அதன் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். கை இரண்டும் இறாலுக்கு என்றால் பறியைப் பிடிக்க வேறென்ன இருக்கிறது?

‘அம்மா... இங்க வாங்க... காப்பாத்துங்க...’ என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தாள். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். பதில் இல்லை. எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தாள் – காலால் தரையைத் தடவித் தடவி, அவசரமே இல்லாமல். அந்தப் பயத்திலும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு ‘வரேன்’ சொன்னால் என்ன?

கிட்டே வந்தவள் வீட்டுக்காரரைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தாள். அமைதியாக இருக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் தலையாட்டினார். அவள் இன்னொரு தடவை அசைத்தாள். படு, சாய்ந்து படு என்கிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

‘நானா?’ என்றேன். நான்தான் இறங்கவேண்டும்போலிருக்கிறது என்று மறுபடி காலைத் தூக்கினேன். பறியோடு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். மறுபடி விரல். என்னை அல்ல... எனக்குக் கீழே.

நான் உட்கார்ந்திருந்த பலகை.

படகின் குறுக்கே போட்டிருந்த வெறும் பலகை. ஆணிகூடக் கிடையாது, தூக்கினால் வரும். இத்தனை நேரமும் அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ‘கயிறு, கயிறு’ என்று தியேட்டரே திரும்பிப் பார்க்கக் கத்தினவள் நான்!

பலகையைத் தள்ளிவிட்டேன். அவள் அதைச் சேற்றின்மேல் படுக்கப் போட்டாள். வீட்டுக்காரர் அதில் நெஞ்சை வைத்துச் சாய்ந்தார். அவள் அவர் காலைச் சுற்றிக் கையை விட்டு, இறால் துழாவுவதுபோலவே துழாவி, களியை வழித்து வழித்து எறிந்தாள். தண்ணீர் உள்ளே போக வழி கிடைத்ததும் ஒரு கால் வந்தது. பிறகு ஆபரேஷன் பண்ணிய கால். செருப்பு இரண்டும் ஏரிக்கே சொந்தமாகிவிட்டது. அவர் பலகையோடு ஊர்ந்து படகைப் பிடித்தார். பிடித்தது ஒரு கையால். மறு கையில் போன். சிக்கிய நேரத்திலிருந்து அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே இருந்திருக்கிறார்.

நான் அவரைத் திட்டவில்லை. சேறோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியை நான் எந்தக் கோயிலிலும் அனுபவித்ததில்லை. அவர் கூச்சத்தில், ‘அந்தம்மா பாக்கறாங்க’ என்றார்.

அந்தம்மா அப்போதுதான் பறியை வாயிலிருந்து எடுத்துப் படகில் வைத்தாள். பெயர் கன்னியம்மா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் வசனம் இப்போதுதான்.

“வாய்ல பறி இருந்துச்சும்மா. தொறந்தா காலைலேர்ந்து புட்ச்ச எறா பூடும்ல?”

யோசித்துப் பாருங்கள். இவளும் பெட்டியை விடவில்லை! ஆனால் இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் வீட்டு அரிசி. அது தெரிந்ததும் எவ்வளவு வலுவான கேரக்டர் ஆகிவிட்டாள்... ஒரு வசனம்கூட இல்லாமல். படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம்தான் புரியவில்லை.

தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேட்டேன். அந்த இடத்தில் நெஞ்சு வரைக்கும்தான் என்றாள். ‘தான்’ என்று அவள் சுலபமாகச் சொன்னதும் நான் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

தேசப்பனும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்காரரின் இடுப்புவரை இருந்த சேற்றைப் பார்த்தார் தேசப்பன். பலகையைக் கழுவி அதன் இடத்தில் போட்டார். அது திட்டுவதைவிட அதிகமாக உறைத்தது. கன்னியம்மாவும் எங்களோடு கரைக்கு வந்தாள். வழியில், மனசு லேசாகிவிட்டதாலோ என்னவோ, நான் அவளுக்கு டைனோசர் கதையைச் சொன்னேன். தீவு, பெட்டி, பூ, சதுப்பு, தோளில் கயிறு எல்லாம் சொன்னேன். கயிறு வந்த இடத்தில் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பயந்தவர்கள் அப்படித்தான், நீ பண்ணவில்லையா என்பதுபோல ஒரு பார்வை. அவளுக்குச் சந்தேகம் வேறு இடத்தில்.

“அந்தத் தீவுல குடித்தனம் பண்றவங்க யாருமே இல்லியா?”

இல்லை என்றேன்.

“அப்ப யாரைக் கேட்டுக்கினு எறங்குனாங்க?”

நான் கண்டுபிடித்து வைத்திருந்த ஓட்டைகளில் இது இல்லை. எல்லாவற்றிலும் பெரியது இதுதான்! இந்த மாதிரிப் படங்களில் தீவு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் மணல், எந்தப் பக்கம் களி என்று தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் படம் முடிந்திருக்கும். எங்களுக்கு அப்படி ஒரு ஆள் இருந்து, சொல்லிவிட்டும் போயிருந்தார் என்பது வேறு விஷயம்.

ஆக, அந்த டைரக்டரிடம் பாதி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இறங்காதே என்றால் இறங்குகிறவர்களும், பலகைமேல் உட்கார்ந்துகொண்டு உதவிக்கு அலறுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பொன்னேரியில் ஒரே வீட்டில் இரண்டு பேர்.

திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் வெறுங்காலோடு உட்கார்ந்து போனைப் பார்த்தார். வீடியோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பூநாரை ஒன்றுகூட இல்லை. முழுக்க ஆகாயம். பின்னணியில் ‘என்னங்க, என்னங்க’ என்று என் குரல். நடுவில் ஒரு இடத்தில் ‘நீ மட்டும் எறங்காத’. அழித்துவிடச் சொன்னேன். சரி என்றார், ஆனால் அழிக்கவில்லை.

பொன்னேரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மெதுவாக ஆரம்பித்தார்.

“பூநாரை ஒண்ணுகூட விழலை பாரு. செருப்பு வேற அங்கயே இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழம இன்னொரு தடவ போலாமா?”

அதே தீவு. அதே ஆட்கள். விட்டுவந்த பொருள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

கயிறு நான் எடுத்துவருகிறேன் என்று சொன்னேன்.